மடக்குக் கத்தியின் இரண்டு நீலங்கள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

முன்னுரை

நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரியின் கதையை நாம் அனைவரும் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். சில நாள் காட்டுக்கு ராஜாவாக இருந்த அந்த நரி, மழையில் நனைந்து சாயம் வெளுத்ததும் அகப்பட்டுக்கொண்டது என்று என் பாட்டி கதையை முடிப்பார். மயிலின் கழுத்தும் நீலந்தான். ஆனால் எத்தனை மழை பெய்தாலும் மயிலின் நீலம் வெளுப்பதில்லை. நரியின் நீலம் பூசப்பட்ட சாயம். மயிலின் நீலமோ, இறகின் மிக நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது.

இந்த இரண்டு நீலங்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் நான் ஒரு மடக்குக் கத்தியைக் கெடுத்தேன். கெடுத்த பிறகே கற்றேன். அந்தப் பாடத்தை என் சக மாணவ நண்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்தி வந்த கதை

என் தந்தையார் சாணை பிடிக்கும் தொழிலாளி. மிதிவண்டியைத் தாங்கியில் நிறுத்தி மிதித்தால் சாணைக்கல் சுழலும். அரிவாள்மனை, கத்தரிக்கோல், கசாப்புக் கடைக் கத்தி என்று தெருத் தெருவாகச் சென்று தீட்டிக் கொடுப்பார். அந்தச் சக்கரம் சுழன்றதால்தான் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளாக நான் இங்கு வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு, வளைகுடா நாட்டில் பணியாற்றித் திரும்பிய ஒருவர் தம் மடக்குக் கத்தியை அப்பாவிடம் தீட்டக் கொடுத்தார். கைப்பிடியின் இருபுறத் தகடுகளும், சட்டைப்பையில் மாட்டும் கிளிப்பும், திருகாணிகளும் ஒரே நீலமாக இருந்தன. நாளடைவில் உராய்ந்து அங்கங்கே நீலம் போய்த் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. “முடிந்தால் இந்த நிறத்தை முழுவதும் எடுத்து வெள்ளையாக்கித் தாருங்கள்” என்று அவர் கேட்டாராம். அப்பா கத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, எண்ணெய்க் கை பட்டா கிளிப்போட நிறம் மாறுது. தொடச்சா திரும்ப வருது. தகட்டுல அப்படி இல்ல. ரெண்டும் ஒண்ணு இல்லடா” என்றார்.

நான் அப்போதுதான் மின்வேதியியல் பாடம் படித்திருந்தேன். “ரெண்டும் ஆனோடைசிங்தாம்ப்பா. காஸ்டிக் சோடாவுல போட்டா போயிடும்” என்றேன். அப்பா எட்டாம் வகுப்பு, நான் பி.எஸ்ஸி. அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

நடந்த விபரீதம்

கத்தியைப் பிரித்தேன். கைப்பிடித் தகடுகளில் ஒன்றையும் கிளிப்பையும் அம்மா மாவு கரைக்கும் கிண்ணத்தில் இட்டு, காஸ்டிக் சோடாவை அளவு பாராமல் நான்கைந்து கரண்டி போட்டு, விரைவில் முடியட்டும் என்று சுடுநீரை ஊற்றினேன். கிண்ணம் அலுமினியம் என்பது அப்போது என் நினைவில் இல்லை.

சற்று நேரத்தில் கரைசல் பொங்கியது. குமிழிகள் உடைந்து தெறித்த நுண்துளிகள் காற்றில் கலந்து தொண்டையை எரித்தன. மூன்றடி தூரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா, “ஏண்டா, என்னத்தடா போட்ட?” என்று அலறி அடுப்பை அணைத்தார். நான் செய்வதறியாது நின்றேன். கிண்ணம் கருத்து, பொரிந்து, ஒரு பக்கம் ஒழுகத் தொடங்கியது. அப்பாதான் தம் இரும்புக் கிடுக்கியால் தகட்டையும் கிளிப்பையும் எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டார்.

தகட்டில் நீலம் இல்லை. ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பாகிக் கருமை படிந்திருந்தது. திருகாணித் துளைகளும் சற்றே பெரிதாகியிருந்தன. கிளிப்போ போட்டபோது இருந்த அதே நீலத்துடன் பளபளத்தது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சாணை பிடிப்பவரிடம் பிறர் தம் பொருளை நம்பிக்கையின் பேரில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ரசீது கிடையாது. அப்பாவின் முப்பது ஆண்டு நம்பிக்கையை நான் அரைமணி நேரத்தில் கரைத்துவிட்டேனோ என்று அஞ்சினேன்.

நிறம் எங்கே இருக்கிறது?

மறுநாள் தகட்டையும் கிளிப்பையும் எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “நிறத்தை நீக்குவது இருக்கட்டும். முதலில் நிறம் எங்கே இருக்கிறது, சொல்” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியைப் பின்பற்றிச் சென்றதில் கிடைத்தவற்றையே கீழே எழுதுகிறேன்.

அலுமினியத்தின் நீலம்

அலுமினியம் காற்றுபட்டவுடன் தன்மேல் சில நானோமீட்டர் தடிப்பில் ஓர் ஆக்ஸைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். இப்படலத்தை மின்னாற்றலால் ஆயிரக்கணக்கான மடங்கு தடிப்பாக்குவதே ஆனோடைசிங். பொருளை நேர்மின்வாயாக இணைத்து, லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் கந்தக அமிலம் உள்ள கரைசலில், ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், 12 முதல் 18 வோல்ட் வரை மின்னழுத்தம் கொடுப்பர். 5 முதல் 25 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள படலம் வளரும்.

இம்முறை இங்கிலாந்தில் பிறந்தது. 1923இல் பெங்காஃப், ஸ்டூவர்ட் ஆகிய இருவரும் கடல் விமானங்களின் அலுமினியக் கலவை உறுப்புகளை உப்புநீர் அரிப்பிலிருந்து காக்க, குரோமிக் அமிலத்தில் செய்யும் முறையைக் கண்டனர். கந்தக அமில முறைக்கு 1927இல் கோவர், ஓ’பிரையன் ஆகியோர் காப்புரிமை பெற்றனர். இப்படலத்தின் உள்ளமைப்பை 1953இல் கெல்லர், ஹன்டர், ராபின்சன் ஆகிய மூவரும் மின்னணு நுண்ணோக்கியின் துணையுடன் விளக்கினர். அது தேன்கூடு போன்றது. அறுகோண அறைகள் நெருங்கி நிற்க, ஒவ்வொன்றின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு நுண்துளை செல்கிறது.

சாயம் இத்துளைகளில்தான் தங்குகிறது. படலம் வளர்ந்ததும் பொருளைச் சாயக் கரைசலில் மூழ்கவைப்பர். துளைகள் சாயத்தை உறிஞ்சும். பின்பு கொதிநீரில் இட்டால் ஆக்ஸைடு நீரேற்றமடைந்து பருத்துத் துளை வாய்களை அடைத்துவிடும். இதனால்தான் கைவியர்வையிலும் மழையிலும் இது வெளுப்பதில்லை. நரி செய்த தவறு, சாயத்தைப் பூசிக்கொண்டு மூடி போடாமல் விட்டதே எனலாம்!

ஆகவே அலுமினியத்தின் நிறம் படலத்தின் உள்ளே இருக்கிறது. நிறத்தை நீக்க வேண்டுமானால் படலத்தையே நீக்க வேண்டும்.

டைட்டானியத்தின் நீலம்

கிளிப் டைட்டானியத்தால் ஆனது. இத்தனிமத்தை 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி மணலில் கண்டறிந்தவர் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார். 1795இல் அதற்கு இப்பெயரிட்டவர் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ராத். நமக்கும் இது அந்நியமன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள இல்மனைட், டைட்டானியத்தின் தாதுவே ஆகும்.

டைட்டானியத்தையும் நேர்மின்வாயாக இணைத்து ஆனோடைசிங் செய்கிறார்கள். ஆனால் இங்கே சாயமும் இல்லை, தொட்டியும் இல்லை. சமையல் சோடா கலந்த நீர்கூடப் போதும். வளரும் படலம் நிறமற்றது. கண்ணாடி போல ஒளி ஊடுருவக்கூடியது. தடிப்போ வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2 நானோமீட்டர் மட்டுமே. அப்படியானால் நிறம் எங்கிருந்து வருகிறது?

துணைப்பாடமான இயற்பியலில் நாம் செய்த நியூட்டன் வளையங்கள் சோதனையை நினைவுகூர்க. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதனுள் சென்று உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் சந்திக்கும்போது குறுக்கீட்டு விளைவு ஏற்படுகிறது. சோப்புக் குமிழியிலும், மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெயிலும் காணும் வண்ணங்கள் இவ்வாறே பிறக்கின்றன.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். படலத்தின் தடிப்பு 60 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் 2.4 என்று கொள்வோம். உள்ளே சென்று திரும்பும் ஒளியின் மிகைப்பாதை 2 × 2.4 × 60 = 288 நானோமீட்டர். இது 576 நானோமீட்டரில் பாதி. 576 நானோமீட்டர் என்பது மஞ்சள் ஒளியின் அலைநீளம். எனவே மஞ்சள் ஒளி தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. வெள்ளொளியில் மஞ்சள் குறைந்தால் மிஞ்சுவது நீலம். உலோகப் பரப்பில் ஒளி திரும்பும்போது ஏற்படும் வேறு சில மாற்றங்களை இங்கே விட்டுவிட்டேன். ஆயினும் கணக்கு உண்மைக்கு அருகில்தான் வருகிறது. 25 முதல் 30 வோல்ட் வரை கொடுத்தால் நீலம் கிடைக்கிறது. அதற்குக் குறைவாகக் கொடுத்தால் வெண்கல நிறமும் ஊதாவும், மிகுதியாகக் கொடுத்தால் வெளிர்நீலம், பொன்மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என்ற வரிசையும் தோன்றும்.

எலும்பு முறிவுக்கு உடலினுள் வைக்கும் டைட்டானியத் தகடுகளையும் திருகாணிகளையும் அளவுவாரியாக அடையாளம் காண இம்முறையில் நிறமிடுகிறார்கள். சாயமே இல்லாததால் உடலில் கரைந்து கலக்க எதுவுமில்லை.

அப்பா கண்ட எண்ணெய்க் கை இரகசியமும் இப்போது விளங்கும். படலத்தின்மேல் எண்ணெய் பட்டால் மேற்பரப்பில் ஒளி திரும்பும் நிலை மாறுகிறது, நிறமும் மாறுகிறது. துடைத்தால் மீள்கிறது. நான் பாடநூலில் தேடியதை அவர் விரல் நுனியிலேயே கண்டுவிட்டார்.

உலோகத்தை அறியும் வழிகள்

ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு உலோகங்களைப் பிரித்தறிய மூன்று வழிகளைக் கையாண்டேன்.

முதலாவது, அடர்த்தி. நீர் உள்ள முகவையை மின்னணுத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, பொருளை நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாமல் நீரில் முழுவதும் மூழ்கவைக்க வேண்டும். தராசு காட்டும் எண், இடம்பெயர்ந்த நீரின் எடையாகும். நான் கெடுக்காத தகடு 10.80 கிராம், தராசு காட்டியது 4.00 கிராம், எனவே அடர்த்தி 2.7. அது அலுமினியம். கிளிப் 2.70 கிராம், காட்டியது 0.60 கிராம், அடர்த்தி 4.5. அது டைட்டானியம். எஃகாக இருந்தால் 7.8-க்கு அருகில் வந்திருக்கும்.

இரண்டாவது, எண்ணெய்ச் சோதனை. ஒரு துளி தேங்காய் எண்ணெயைத் தடவிப் பார்த்தால் டைட்டானியத்தின் நிறம் மாறும். சாயமேற்றிய அலுமினியத்தின் நிறம் அவ்வாறு மாறாது. திருகாணிகளும் கிளிப்பைப் போலவே நிறம் மாறின.

மூன்றாவது, பொறிச் சோதனை. இது அப்பா காட்டியது. கிளிப்பின் உட்புற விளிம்பைச் சாணைக்கல்லில் ஒரு கணம் தொட்டார். கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பொறி பறந்தது. இரும்பில் மஞ்சள் பொறி வரும். அலுமினியத்தில் பொறியே வராது. “கல்லுல அலுமினியத்த வைக்கவும் கூடாது, கல்லு அடைச்சுக்கும்” என்றும் சொன்னார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கத்திகளில் காணும் நிறங்கள் எல்லாம் ஆனோடைசிங் அல்ல. எஃகுத் திருகாணிகளில் உள்ள கருநிறம் பெரும்பாலும் வேறுவகைப் பூச்சாகவே இருக்கும். அவற்றுக்கு இக்கட்டுரையில் சொல்லும் முறைகள் பொருந்தா.

அலுமினியத்தில் நிறம் நீக்கும் முறை

அலுமினியம் ஆக்ஸைடு ஈரியல்புடையது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும் என்று படித்திருக்கிறோம். காஸ்டிக் சோடாக் கரைசலில் இரண்டு வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன.

ஒன்று: அலுமினியம் ஆக்ஸைடு + சோடியம் ஹைட்ராக்சைடு + நீர் → சோடியம் அலுமினேட்

இரண்டு: அலுமினியம் + சோடியம் ஹைட்ராக்சைடு + நீர் → சோடியம் அலுமினேட் + ஹைட்ரஜன்

முதல் வினையில் வாயு இல்லை, இரண்டாவதில் உண்டு. அதாவது, படலம் கரையும்வரை கரைசல் அமைதியாக இருக்கும். குமிழி கிளம்பினால், காரம் உலோகத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். தரம்பார்த்தலில் நிறங்காட்டி செய்யும் வேலையை இங்கே குமிழி செய்கிறது. குமிழி வந்த பிறகும் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததே என் பிழை.

அப்பிழையின் அளவையும் கணக்கிட்டேன். இரண்டு தகடுகளும் ஒரே அளவானவை. கெட்ட தகட்டின் எடை 10.26 கிராம். குறைந்தது 0.54 கிராம், இது 0.02 மோல் அலுமினியம். இரண்டு மோல் அலுமினியத்துக்கு மூன்று மோல் ஹைட்ரஜன் வீதம் 0.03 மோல், அதாவது திட்ட நிலையில் 672 மில்லிலிட்டர் ஹைட்ரஜன். கிண்ணத்திலிருந்து வந்தது தனி. இவ்வளவும் எரியும் அடுப்பின் அருகில்! தகட்டின் பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர் கரைந்திருக்கிறது. நீக்க வேண்டிய படலமோ 25 மைக்ரோமீட்டருக்கு மேல் இருந்திருக்க முடியாது.

இரண்டாம் தகட்டைப் பேராசிரியரின் மேற்பார்வையில் கீழ்க்கண்டவாறு செய்தேன்.

1. தகட்டைச் சோப்பு நீரில் கழுவி எண்ணெய்ப் பசை போக்கினேன். எண்ணெய் இருந்தால் நிறம் திட்டுத் திட்டாகப் போகும்.

2. பாலித்தீன் குவளையில் 250 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்து, அதில் 12.5 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாக இட்டுக் கரைத்தேன். எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றினால் சூடாகித் தெறிக்கும். கரைசல் ஆறிய பிறகே பயன்படுத்தினேன்.

3. கண்ணாடிக் கவசமும் ரப்பர் கையுறையும் அணிந்தேன். சன்னல் ஓரத்தில், நெருப்பு இல்லாத இடத்தில் வைத்தேன். காரம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் வேறெதையும் தேடாமல், இருபது நிமிடமாவது ஓடும் நீரில் கழுவிக்கொண்டே மருத்துவரை நாட வேண்டும்.

4. தகட்டை நைலான் நூலில் கட்டி மூழ்கவைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நீரில் அலசிப் பார்த்தேன். முதலில் மாற்றம் இல்லை. பின்பு நீலம் புகைபோலக் கரைசலில் இறங்கியது. சுமார் ஏழு நிமிடத்தில் சிறு குமிழிகள் தோன்றின. உடனே எடுத்து நிறைய நீரில் கழுவினேன்.

5. மேற்பரப்பில் சாம்பல் நிற மாசு படிந்திருந்தது. கலவையிலுள்ள செம்பு, சிலிக்கான் போன்றவை காரத்தில் கரையாமல் எஞ்சுவதால் வருவது இது. தொழிற்சாலைகளில் நைட்ரிக் அமிலத்தில் தோய்த்து நீக்குவர். நான் பழைய பல்துலக்கியில் பற்பசை வைத்துத் தேய்த்தேன், போதுமானதாக இருந்தது.

உலோகத்தை அறவே தொடாமல் படலத்தை மட்டும் கரைக்கும் கரைசல் ஒன்றும் உண்டு. பாஸ்பாரிக் அமிலமும் குரோமிக் அமிலமும் கலந்து கொதிநிலையில் பயன்படுத்துவர். படலத்தின் எடையை அளக்க ஆய்வகங்களில் கையாளும் முறை இது. ஆனால் அதிலுள்ள அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் தரவல்லது. வீட்டுக்கு ஏற்றதன்று.

மற்றொரு செய்தி. ஆனோடைசிங் படலத்தின் ஒரு பகுதி உலோகத்தைத் தின்று உள்நோக்கி வளர்ந்தது. ஆதலால் படலத்தை நீக்கினால் பொருள் ஆனோடைசிங்குக்கு முன் இருந்த அளவைவிடச் சற்றே மெலிந்துவிடும். கத்தி அலகு சுழலும் அச்சுப்பகுதி போன்ற இறுக்கமாகப் பொருந்த வேண்டிய உறுப்புகளை இம்முறைக்கு உட்படுத்தாமல் இருப்பதே நலம்.

டைட்டானியத்தில் நிறம் நீக்கும் முறை

டைட்டானியம் ஆக்ஸைடு எளிதில் காரத்துக்கு மசிவதில்லை. கிளிப் நீலமாகவே இருந்ததன் காரணம் இதுதான். மின்னழுத்தத்தைக் கூட்டி வேறு நிறத்துக்குப் போகலாம். குறைத்து முந்தைய நிறத்துக்குத் திரும்ப முடியாது. வளர்ந்த படலம் தானே மெலியாது.

அதைக் கரைக்கவல்லது ஹைட்ரோபுளோரிக் அமிலம். அமெரிக்காவில் இவ்வமிலம் சிறிதளவு கலந்த துருக்கறை நீக்கிகள் கடைகளிலேயே விற்கப்பட்டதால், கத்தி ஆர்வலர்கள் திருகாணிகளை அதில் தோய்த்து நிறம் போக்கியதுண்டு. “ஒரு துளி போதுமே ஐயா” என்று நானும் கேட்டேன். பேராசிரியர் உறுதியாக மறுத்துவிட்டார். காரணத்தை அறிந்தபோது உடல் சிலிர்த்தது. நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே வலி தெரியாது. மெல்ல உள்ளே இறங்கித் திசுக்களிலும் எலும்பிலும் உள்ள கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயத் துடிப்பே நின்றுபோகலாம். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு ஆயத்தமாக இல்லாத இடத்தில் அப்புட்டியைத் திறப்பதே கூடாது. ஒரு திருகாணியின் நிறத்துக்கு உயிரைப் பணயம் வைக்கலாகாது.

அப்படியானால் என்ன செய்வது? விடை எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தது. படலத்தின் தடிப்பு 60 நானோமீட்டர். தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைக் கரைக்க அமிலம் எதற்கு? தேய்த்தாலே போதும்.

அப்பா 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்தார். கிளிப்பை ஒரே திசையில் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தார். நீலம் மறைந்து வெள்ளிபோன்ற சாம்பல் நிறம் வந்தது. வளைவான இடங்களைப் பட்டைத்தோலில் மெருகுப்பசை தடவித் தேய்த்தார். திருகாணிகளைக் கட்டைத் துண்டில் துளையிட்டுச் செருகித் தலையை மட்டும் தேய்த்தார். திருகாணித் தலையின் நட்சத்திரக் குழிக்குள் தாள் புகவில்லை. அங்கே மட்டும் நீலம் சிறு பொட்டுப்போல நின்றுவிட்டது.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. டைட்டானியத்தின் நுண்தூள் எளிதில் தீப்பற்றும். அப்பா காட்டிய வெள்ளைப் பொறி அதன் அடையாளமே. ஆகவே ஈரமாகவே தேய்க்க வேண்டும். தூளை உலரவிட்டுக் குவித்து வைக்கக் கூடாது.

கத்தி திரும்பிப் போனது

உரியவர் வந்தபோது நான் உள்ளறையில் இருந்தேன். அப்பா என்னை மறைக்கவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. “ஒரு பக்கத் தகடு கொஞ்சம் மெலிஞ்சு போச்சுங்க. வேலையில நடந்த தப்பு. இந்தத் திருகாணி லேசா உள்ள இறங்கி உக்காருது பாருங்க. கூலி வேண்டாங்க” என்றார். என்னால் உள்ளே நிற்க முடியவில்லை. வெளியே வந்து, “தப்புப் பண்ணினது நான்தாங்க” என்றேன்.

அவர் கத்தியை விரித்து மடக்கிப் பார்த்தார். திருகாணிக் குழியில் எஞ்சிய நீலப் பொட்டைப் பார்த்து, “இது இருக்கட்டும், அழகாத்தான் இருக்கு” என்றார். கூலியை அப்பா கடைசிவரை வாங்கவில்லை. அடுத்த மாதம் அவர் வீட்டு அரிவாள்மனை சாணைக்கு வந்தபோதுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. கல்வி உதவித்தொகை கிடைத்ததும் அம்மாவுக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன். காஸ்டிக் சோடா அதை அவ்வளவு எளிதில் தின்னாது என்பதையும் சொன்னேன். “முதல்ல அத அடுப்படிக்குக் கொண்டு வராதே” என்பதே பதில்.

முடிவுரை

இரண்டு உறுப்புகளும் இப்போது வெள்ளையாக இருக்கின்றன. ஆனால் வேதியியல் நோக்கில் இரண்டும் வெற்றுடலுடன் இல்லை. காற்றுபட்ட மறுகணமே அலுமினியமும் டைட்டானியமும் தத்தம்மேல் கண்ணுக்குத் தெரியாத புதிய படலத்தை நெய்துகொண்டுவிட்டன. அது நிறம் காட்டாத அளவுக்கு மெல்லியது. உலோகத்தைக் காக்கும் அளவுக்கு வலியது. எனினும் தடித்த படலத்தின் கடினம் அலுமினியத் தகட்டுக்கு இனி இல்லை. எளிதில் கீறல் விழும் என்பதை நிறம் நீக்க விரும்புவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஒரே நீலமாகத் தெரிந்தவற்றில் ஒன்று துளைக்குள் அடைபட்ட சாயம். மற்றொன்று ஒளியின் விளையாட்டு. ஒன்று காரத்தில் கரைந்தது. மற்றொன்று உப்புத்தாளில் தேய்ந்தது. நிறம் எங்கே இருக்கிறது என்று கேட்ட பிறகே அதை நீக்கும் வழியைத் தேட வேண்டும் என்பது என் பேராசிரியர் கற்பித்த பாடம். “ரெண்டும் ஒண்ணு இல்லடா” என்பது அதற்கு முந்திய நாளே, கல்லூரிக்குச் செல்லாத ஒருவர் எனக்குச் சொன்ன அதே பாடம். இரண்டையும் ஒருசேரக் கேட்கும் செவி படித்தவர்க்கு வேண்டும் என்று கூறி இக்கட்டுரையை நிறைவு செய்கிறேன்.